காற்றுக்கு டோல் கிடையாது!

1990. ஆடி மாசம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

திண்டுக்கல் ஆடிக்காற்றைப் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மேற்கே கொடைக்கானல் மலை, கிழக்கே சிறுமலை. நடுவில் பொட்டல். அந்தப் பொட்டலின் மத்தியில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி ஒற்றைப் பாறையாக மலைக்கோட்டை. ஆடி பிறந்தால் மேற்கிலிருந்து காற்று கிளம்பும். கிளிப் போடாமல் துணி காயப்போட்டால் அடுத்த தெருவில் போய்த்தான் எடுக்கணும். அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் வரிசையாக நின்ற சைக்கிள்கள் மொத்தமாகச் சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயசு. எனக்கும் என் பேகம்பூர் நண்பனுக்கும் சேர்த்து ஒரு வாகனம் இருந்தது. பேரிங் வண்டி! ரெண்டடிப் பலகை. அடியில் குறுக்காக ரெண்டு கட்டை. கட்டையின் நாலு முனையிலும் லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்குகள். நண்பனின் அண்ணன் பட்டறையில் வேலை பார்த்தார் என்பதால் ஸ்பேர்பார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை.

பிரச்னை ஒன்றே ஒன்றுதான். இருப்பது ரெண்டு பேர். ஒருத்தன் உட்கார்ந்தால் இன்னொருத்தன் தள்ளணும். யார் தள்ளுவது என்பதில் தினமும் சண்டை.

அன்றைக்கு நண்பன் கேட்டான். “ஏன்டா, பட்டத்தைக் கட்டி இழுக்க விட்டா என்ன?”

பிறகென்ன? நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பர், மூங்கில் பத்தை, மைதாப் பசை. வாலுக்கு அப்பத்தாவின் பழைய சேலைக் கிழிசல். எங்கள் உயரத்துக்கு ஒரு பட்டம் தயார். சாதா நூல் தாங்காது என்று தூண்டில் நரம்பு வாங்கினோம். ஊருக்கு வெளியே நெல் காயப்போடும் சிமென்ட் களம். வண்டியில் நண்பன். பக்கத்தில் நரம்பைப் பிடித்தபடி நான்.

நம்புங்கள். வண்டி நகர்ந்தது! கடகடவென்று பதினைந்தடி ஓடியது. தள்ளுவதற்கு ஆளே இல்லாமல்!

பதினாறாவது அடியில் காற்று பக்கவாட்டில் திரும்பியது. வண்டி குடை சாய, நண்பனின் முழங்கால் பெயர்ந்தது. என் இடது கை ஆள்காட்டி விரலில் நரம்பு ஒரு சுற்றுச் சுற்றி, எலும்பு வரை இறங்கிவிட்டது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

அப்பத்தா காயத்தில் காப்பித்தூளை அப்பிக்கொண்டே கேட்டது. “விட வேண்டியதுதானடா? எதுக்குப் புடிச்சுக்கிட்டே நின்ன?”

“விட்டா பட்டம் போயிருமே” என்று அழுதேன்.

*

இதே 1990 வாக்கில், பூமிப் பந்தின் இன்னொரு மூலையில், நியூசிலாந்தின் ஆஷ்பர்ட்டன் என்கிற சின்ன ஊரில், ஒருவர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். பெயர் பீட்டர் லின். பட்டம் செய்வதுதான் தொழில்.

அவர் வண்டிக்கு மூன்றே சக்கரம். துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் சட்டம். தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்குகிற ஒரு ஸீட். முன்சக்கரத்தைக் காலால் திருப்பிக்கொள்ளலாம். கை ரெண்டும் பட்டத்துக்கு. இன்ஜின் இல்லை, பிரேக் இல்லை, பெடல் இல்லை. ‘கைட் பக்கி’ என்று பெயர். பட்டவண்டி என்று நாம் வைத்துக்கொள்வோம்.

லின்னின் வண்டி விற்பனைக்கு வந்த சில வருடங்களிலேயே உலகத்தின் பெரிய கடற்கரைகளில் எல்லாம் பந்தயங்கள் ஆரம்பமாகிவிட்டன. டென்மார்க்கின் ரோமோ தீவில், கடல் எங்கே என்று தேடிப்போக வேண்டிய அளவுக்கு அகலமான மணல்வெளி. அங்கே, ஜெர்மனியில், இங்கிலாந்தில், பிரான்ஸில்... சனி, ஞாயிறு என்றால் காரின் தலையில் வண்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அமெரிக்காவில் கடற்கரைகூடத் தேவையில்லை. கலிஃபோர்னியா-நெவாடா எல்லையில் ஐவன்பா என்கிற வறண்ட ஏரி போதும். பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நம்ம ஊர்க் கண்மாய் மாதிரி, ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை! அங்கே பட்டவண்டிகள் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கின்றன. ஒரு பட்டம், கொஞ்சம் நூல், ஓர் ஆள். அவ்வளவுதான்.

பந்தயம் எப்படி நடக்கும்? கடல் உள்வாங்கி, ஈர மணல் இறுகியிருக்கும் நேரமாகப் பார்ப்பார்கள். கொடி நட்டு எல்லை போடுவார்கள். கொடியைச் சுற்றிச் சுற்றி வரணும். ஒரே மணலில் இருபது முப்பது பட்டம் பறந்தால் நூல் சிக்காதா? அதற்கொரு சட்டம் வைத்திருக்கிறார்கள். ரெண்டு பேர் கடக்கும்போது, காற்று வரும் பக்கம் இருப்பவர் பட்டத்தை உயர்த்தணும். மறுபக்கம் இருப்பவர் தாழ்த்தணும். ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வந்த ரெண்டு பேர் ஒதுங்கிக்கொள்கிற மாதிரிதான்.

ஆனால், அந்த ரெண்டு நாளில் பெரும்பகுதி நடப்பது பந்தயம் இல்லை. காத்திருப்பு! எல்லாரும் வந்திருப்பார்கள். ஹெல்மெட் மாட்டியிருப்பார்கள். காற்று மட்டும் வந்திருக்காது. மணலில் உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டு, கொடி எப்போது ஆடும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் காத்திருப்பில்தான் பட்டவண்டியின் மொத்தச் சரித்திரமும் இருக்கிறது. அதற்கு நாம் நானூறு வருடம் பின்னால் போகணும்.

*

காற்றைக் கட்டியாண்டு கடலில் மரக்கலம் ஓட்டியவனின் வழித்தோன்றல் என்று கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் பாடியது புறநானூற்றில் 66-வது பாட்டு. ஆக, கடலில் காற்றை வேலை வாங்குவது நமக்குப் பழைய விஷயம். தரையில்?

சீனாவில் தள்ளுவண்டிக்குப் பாய் கட்டி ஓட்டுகிறார்கள் என்று பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் செய்தி போனது. 1584-ல் வெளியான ஆர்டிலியஸின் சீன வரைபடத்தில் அந்த வண்டிகளைப் படமாகவே போட்டுவிட்டார்கள். பார்த்த ஐரோப்பியர்களுக்குக் கை துறுதுறுத்தது.

துறுதுறுத்தவர்களில் ஒருவர் சைமன் ஸ்டெவின். நெதர்லாந்தின் மாரிஸ் இளவரசருக்கு ஆலோசகர். தசம பின்னங்களை ஐரோப்பாவில் பிரபலமாக்கியவர் இவர்தான். இளவரசரின் கஜானாக் கணக்கை டெபிட், கிரெடிட் போட்டு எழுத வைத்ததும் இவர்தான். பி.காம். படித்த எனக்கு இவர்மேல் தனிப் பிரியம் வருவதற்கு வேறு காரணம் வேணுமா?

1602 வாக்கில் ஸ்டெவின் ஒரு வண்டி செய்தார். கப்பலைத் தூக்கி நாலு சக்கரத்தில் வைத்தால் எப்படியிருக்கும்? அதேதான். பாய்மரம், கொடி எல்லாம் உண்டு. ஸ்கெவனிங்கன் கடற்கரையில் 28 பேர் ஏறினார்கள். ஓட்டுநர், சாட்சாத் இளவரசர்! பயணிகளில் ஒருவர் கைதி. 1600-ல் நியூபோர்ட் போரில் பிடிபட்ட ஸ்பெயின் தளபதி மென்டோசா.

வண்டி பறந்தது. பெட்டன் வரை சுமார் 80 கிலோமீட்டரை ரெண்டு மணி நேரத்துக்குள் கடந்தது என்கின்றன அன்றைய குறிப்புகள். கூட வந்த குதிரைகளால் ஈடு கொடுக்க முடியவில்லை. நடுவழியில் இளவரசருக்கு ஒரு குறும்பு. வண்டியைச் சட்டென்று கடல் அலைக்குள் திருப்பினாராம். வண்டியில் இருந்தவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மென்டோசா மனசுக்குள் என்ன நினைத்தாரோ! ‘போரிலே பிழைத்தேன், ஜாலி சவாரியில் சாகப்போகிறேனே’ என்று நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஊரெல்லாம் இதே பேச்சு. ஓவியர்கள் படம் போட்டார்கள். வண்டியில் போன அறிஞர் ஹ்யூகோ க்ரோஷியஸ் கவிதையே எழுதினார். ஆனால், அந்த வண்டி விருந்தாளிகளை மகிழ்விக்கிற வேடிக்கையாகவே நின்றுபோனது. காரணம், பாய்மரத்தின் சங்கடம். காற்று மேலே போகப் போகத்தான் பலம். தரையை ஒட்டி அது மரத்தில் மோதி, மேட்டில் இடறி, சோர்ந்துவிடும். பாய்மரத்தை எவ்வளவு உயரம்தான் கட்டுவது? ரொம்ப உயர்த்தினால் வண்டி கவிழும்.

பாயை வண்டியில் கட்டாமல், காற்று இருக்கிற உயரத்துக்கே அனுப்பிவிட்டால்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இங்கிலாந்தில் ஒரு வாத்தியார் வரவேண்டியிருந்தது.

*

ஜார்ஜ் போகாக். பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியர். சின்ன வயதில் பட்டத்து நூலின் நுனியில் கல்லைக் கட்டிவிட்டு, அது தரையில் இழுபட்டுப் போவதை வேடிக்கை பார்த்த பையன். கல் போதவில்லை. பலகையைக் கட்டினார். பலகை போதவில்லை. பலகையில் நண்பனை உட்காரவைத்தார்!

இதைப் படித்த அன்று என் இடது கை விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

நானும் என் நண்பனும் அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டோம். போகாக் நிறுத்தவில்லை. 1824-ல், முப்பதடிப் பட்டத்தில் ஒரு நாற்காலியைக் கட்டி, அதில் தன் மகள் மார்த்தாவையே உட்காரவைத்து மேலே அனுப்பிவிட்டார். சுமார் 270 அடி உயரம். நம் ஊர்ப் பெரிய கோயில் கோபுரங்களைவிட உயரம்! ‘பெத்த புள்ளைய இப்படிப் பண்ணுவானா ஒருத்தன்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மார்த்தா பத்திரமாக இறங்கி வந்தாள். வளர்ந்தாள். கல்யாணம் செய்துகொண்டாள். 1848-ல் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான்.

அந்த மகன்தான் டபிள்யூ.ஜி.கிரேஸ்! தாடி வைத்த தாத்தாவாகப் படங்களில் பார்த்திருப்பீர்களே, கிரிக்கெட்டின் பிதாமகர், அவரேதான். அன்றைக்கு அந்தக் கயிறு அறுந்திருந்தால் கிரிக்கெட்டின் கதையே வேறு.

1826-ல் போகாக் தன் பட்டவண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். பெயர் ‘சார்வோலன்ட்’. ஒரே கயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக ரெண்டு பட்டம். 1,500 அடிக்கும் மேல் நீளும் கயிறு. நாலைந்து பேர் உட்காரும் வண்டி. வேகம், நல்ல காற்றில் மணிக்கு 20 மைல். அன்றைய சாலைகளில் அதுதான் ராக்கெட்! பிரிஸ்டலுக்கும் மார்ல்பரோவுக்கும் நடுவே தபால் வண்டியையே பின்னுக்குத் தள்ளினார்கள். ஒரு தடவை க்ளஸ்டர் பிரபுவின் கோச்சை முந்திவிட்டார்கள். ராஜ குடும்பத்தை முந்துவது மரியாதைக் குறைவாச்சே என்று பதறி, ஓரமாக நிறுத்தி, பிரபுவை முன்னால் போகவிட்டுப் பிறகு கிளம்பினார்களாம். 1828-ல் ஆஸ்காட் குதிரைப் பந்தயத்தில் நாலாம் ஜார்ஜ் மன்னரே இந்த வண்டியை வேடிக்கை பார்த்தார். குதிரைகள் என்ன நினைத்தனவோ!

எனக்குப் பிடித்த காட்சி வேறு. டோல்கேட்!

அந்தக் காலத்து இங்கிலாந்துச் சாலைகளில் சில மைலுக்கு ஒரு சுங்கச்சாவடி இருக்கும். வண்டியை எத்தனை மிருகங்கள் இழுக்கின்றன என்று எண்ணித்தான் காசு. ரெண்டு குதிரைக்கு இவ்வளவு, நாலு குதிரைக்கு இவ்வளவு. மாடு, கழுதைக்கெல்லாம் கூட ரேட் இருந்தது. போகாக்கின் வண்டி வந்து நின்றபோது, சாவடிக்காரர் முன்னால் பார்த்தார். குதிரை இல்லை. மாடு இல்லை. கழுதையும் இல்லை. ஒரு கயிறு மட்டும் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அட்டவணையை மேலிருந்து கீழ்வரை தேடினாலும் ‘காற்று’ என்று ஓர் இனமே இல்லை.

“போங்க சார்!”

காசு வாங்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

பி.காம். மூளைக்கு இதைவிட இனிப்பான சரித்திரம் உண்டா? எரிபொருள் செலவு சைபர். தீவனம் சைபர். சுங்கம் சைபர். போகாக் 1827-ல் தன் முறையை விளக்கிப் புத்தகமே எழுதினார். காற்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் ஒரு யோசனை இருந்தது. வண்டிக்குப் பின்னால் ஒரு மேடையைக் கட்டி, அதில் ஒரு மட்டக்குதிரையை ஏற்றிக்கொண்டு போவது! காற்றுள்ளவரை குதிரைக்கு ஓசி சவாரி. காற்று நின்றால் குதிரை இறங்கி இழுக்கணும்.

சிரிப்பு வருகிறதா? ஹைபிரிட் கார் என்று இன்றைக்கு ஷோரூமில் லட்சக்கணக்கில் விற்கிறார்களே, கிட்டத்தட்ட அதே யோசனைதான்.

ஆனாலும், சார்வோலன்ட் ஜெயிக்கவில்லை. 1825-ல் ஸ்டாக்டன்-டார்லிங்டன் ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. 1830-ல் லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில் வந்தது. நீராவிக்கு நிலக்கரி வேணும், தண்ணீர் வேணும், தண்டவாளம் வேணும், புகை வேறு. ஆனால், எட்டு மணிக்குக் கிளம்பு என்றால் எட்டு மணிக்குக் கிளம்பும். காற்று டைம்டேபிள் பார்க்காது. வியாபாரிக்கு ஓசியில் எப்போதோ கிடைப்பதைவிட, காசு கொடுத்தாவது நேரத்துக்குக் கிடைப்பதுதான் முக்கியம். 1843-ல் போகாக் செத்துப்போனார். பட்டவண்டியையும் உலகம் மறந்துபோனது.

அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கிறுக்கர்கள் வந்தார்கள். 1903-ல் சாமுவேல் கோடி என்பவர் ஒரு படகைப் பட்டத்தால் இழுக்கவைத்து ஆங்கிலக் கால்வாயையே தாண்டினார். 2008-ல் ‘பெலூகா ஸ்கைசெயில்ஸ்’ என்கிற சரக்குக் கப்பல் 160 சதுர மீட்டர் பட்டத்தைப் பறக்கவிட்டுக்கொண்டு ஜெர்மனியிலிருந்து வெனிசுவேலாவுக்குக் கிளம்பியது. எரிபொருளை மிச்சம் பிடிக்க!

*

சரி, விஷயத்துக்கு வருவோம். போகாக்குக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் வண்டி ஊர் ஊராக ஓடியது. என் வண்டி பதினைந்தடியில் கவிழ்ந்தது. எங்கே தப்பு?

நூலில்!

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நரம்பு. போகாக் தன் பட்டத்துக்கு நாலு நூல் வைத்திருந்தார். ரெண்டு நூலால் இடம், வலம் திருப்பலாம். மற்றவற்றால் பட்டத்தின் சாய்மானத்தை மாற்றலாம். நிமிர்த்தினால் இழுக்கும். படுக்கவைத்தால் இழுவை செத்துவிடும். அதாவது, காற்றுக்கு ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் வைத்தவர் அவர். இன்றைய பந்தய வண்டிக்காரர்களின் பட்டத்திலும் அதே நாலு நூல்தான்.

காற்று கிழக்கே அடித்தால் வண்டியும் கிழக்கேதானே போகணும்? கொடியைச் சுற்றித் திரும்ப எப்படி வருகிறார்கள்? ஒரு புளியங்கொட்டையை ரெண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். விரல்கள் அழுத்துவது பக்கவாட்டில். கொட்டை தெறிப்பது முன்னால்! பட்டம் வண்டியைப் பக்கவாட்டில் இழுக்கிறது. சக்கரங்கள் பக்கவாட்டில் நகர மாட்டேன் என்கின்றன. வேறு வழியில்லாமல் வண்டி முன்னால் பாய்கிறது. இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகக் கோணல் போட்டுப் போட்டே, காற்று வருகிற திசைக்கும் ஏறிவிடலாம்.

ஓட ஓடக் காற்றும் கூடும். காற்றே அடிக்காத நாளில் சைக்கிளை வேகமாக மிதித்தால் முகத்தில் காற்று அடிக்கிறதல்லவா? வண்டி ஓடுவதால் உண்டாகும் அந்தக் காற்றும் பட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் காற்றைவிட வேகமாகவே பட்டவண்டி ஓடுகிறது.

இதெல்லாம் இழுக்கும் கதை. விடும் கதை ஒன்று இருக்கிறது. பந்தயத்துக்குப் போகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான்.

ரெண்டு மணிக்கட்டிலும் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். அதிலிருந்து பட்டத்தின் பிரேக் நூலுக்கு ஓர் இணைப்பு. ஆபத்து என்றால் யோசிக்கவே வேண்டாம். கையில் இருக்கும் பிடியை விட்டுவிட வேண்டியதுதான். இழுக்கிற நூல்கள் தளர்ந்துவிடும். பிரேக் நூல் மட்டும் இறுகும. பட்டம் காற்றில்லாத துணியாகச் சுருண்டு தரையில் விழும். பட்டமும் எங்கேயும் போய்விடாது. மணிக்கட்டோடுதான் கிடக்கும்.

விட்டாலும் பட்டம் போகாது! இந்த ஒரு சமாச்சாரம் 1990-ல் எனக்குத் தெரிந்திருந்தால்...

*

தெரியாததன் விலை என்ன என்பதற்கு உலகம் முழுக்கப் பார்த்த ஒரு காட்சி உண்டு.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பட்டம் என்பது விளையாட்டு இல்லை, திருவிழா. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். ஆள் உயரத்தை எல்லாம் எப்போதோ தாண்டிய ராட்சதப் பட்டங்கள். அதில் ‘விண்’ கட்டி, காற்றில் அது ரீங்காரமிடும். மாசக்கணக்கில் வீட்டு முற்றத்தில் கட்டுவார்கள். நூல் எல்லாம் பத்தாது, வடக்கயிறுதான். ஏற்றுவதற்கு ஒரு அணியே வேணும்.

2021 டிசம்பர். பக்கத்திலிருக்கும் பருத்தித்துறையில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து அப்படியொரு பட்டத்தை ஏற்றினார்கள். வாடைக்காற்று திடீரென்று தூக்கியது. மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் விடவில்லை. ஒரு கணம்தான். அதற்குள் அவர் தரையிலிருந்து முப்பது, நாற்பது அடி உயரத்தில், கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். கீழே நண்பர்கள் கத்துகிறார்கள். இப்போது விட்டால் விழணும். விடாவிட்டால் இன்னும் மேலே போகணும். பட்டம் கொஞ்சம் தாழ்ந்த நேரம் பார்த்துக் கீழே விழுந்து, சின்னக் காயங்களோடு தப்பித்தார்.

போகாக் தன் மகளை வேண்டுமென்றே அனுப்பிய இடத்துக்கு, இவர் தெரியாமல் போய்விட்டு வந்தார். தப்பித்தது அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் இல்லை. 2019 நவம்பரில், சென்னையில் அப்பாவோடு பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தை மாஞ்சா நூல் அறுத்தது. அந்த நூலை விட்டவர் யாரோ, குழந்தை யாரோ. நைலான் நூலுக்கும் கண்ணாடித் தூள் தடவிய நூலுக்கும் 2017 ஜூலையிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டிருந்தது. தடை காகிதத்தில் இருந்தது. நூல் காற்றில் இருந்தது. பட்டத்தை அறுத்துவிட்டு ‘டீல்’ என்று கத்துகிறவருக்கு, அறுந்த நூல் எங்கே போய் யார்மேல் விழும் என்கிற கவலை இருப்பதில்லை.

காற்று ஒரு குற்றமும் செய்யவில்லை. நானூறு வருடமாக அது இழுக்கிற வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருக்கிறது. அந்த நுனி காற்றின் பொறுப்பு. இந்த நுனி நம் பொறுப்பு.

*

நம் பக்கத்திலும் இப்போது இந்த வித்தை வந்துவிட்டது. மணலில் இல்லை, தண்ணீரில். ராமேஸ்வரம் பக்கத்திலும் தூத்துக்குடியிலும் கைட்சர்ஃபிங் கற்றுத் தருகிறார்கள். காலில் ஒரு பலகை, இடுப்பில் ஒரு கொக்கி, மேலே பட்டம். கோடையில் தென்மேற்குக் காற்று, மார்கழி, தையில் வடகிழக்குக் காற்று என்று வருடத்துக்கு ரெண்டு சீஸன். பாய்மரத்தை நம்பிக் கடலுக்குப் போன பரம்பரை வாழும் கடற்கரையில், காற்றைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வெளியூர்க்காரர்கள் வந்து நிற்கிறார்கள். அங்கேயும் முதல் பாடம் பறப்பது இல்லை. பட்டத்தைக் கழற்றிவிடுவது!

காற்றால் சம்பாதிக்கவும் தமிழ்நாடு எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. 1986-ல் தூத்துக்குடி அருகே காற்றாலைகளை நட்டபோது வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. இன்றைக்குத் திண்டுக்கல்லில் இருந்து பழனியைத் தாண்டி உடுமலை, தாராபுரம் பக்கம் போனால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு முகம் காட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அங்கேயும் பாருங்கள், புயல்காற்று அடித்தால் இறக்கைகள் தானாகத் திரும்பி, காற்றை விட்டுவிடும். பிடிவாதமாகச் சுற்றினால் முறிந்துபோகும். போகாக் தன் பட்டத்தைப் படுக்கவைத்ததும் இதற்காகத்தான்.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். மதுரையிலிருந்து நாலுவழிச் சாலை. கொடைரோடு டோல்கேட்டில் கார் நின்றது. ஃபாஸ்டேக் காசைக் கழித்துக்கொண்டது. பக்கத்து ஓரத்தில் ஒரு ஆட்டோ காசு கட்டாமல் சர்ரென்று போனது. மூன்று சக்கர வண்டிக்கு இங்கே டோல் இல்லை. பீட்டர் லின்னின் பட்டவண்டிக்கும் மூன்று சக்கரம்தான் என்பது சட்டென்று ஞாபகம் வந்து, தனியாகச் சிரித்தேன். வீட்டுக்காரம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

நெல் காய்ந்த களம் இப்போது பிளாட்டாகிவிட்டது. அப்பத்தா இல்லை. பேகம்பூர் நண்பன் இருக்கிறான். அவன் வீட்டு மொட்டைமாடியில் அவன் மகன் பட்டம் செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு ஸ்கேட்டிங் போர்டு கிடந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“மாமா, இதை போர்டுல கட்டுனா இழுக்கும்ல?”

நண்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கலாம். எங்களிடமும் யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டிருப்போமா?

“இழுக்கும்டா. நல்லாவே இழுக்கும்” என்றேன். பையில் இருந்த நைலான் நூலை வாங்கி ஓரமாக வைத்தேன். பருத்தி நூல்கண்டை எடுத்து, போர்டின் முனையில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினேன். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துகொள்கிற உருவாஞ்சுருக்கு.

“மொதல்ல இதைப் பத்து தடவை போட்டு, பத்து தடவை அவுத்துக் காட்டு. அப்புறம் கீழ போலாம்.”

பையன் உட்கார்ந்து முடிச்சுப் போட ஆரம்பித்தான். மேற்கிலிருந்து காற்று வந்தது.